நிலா வெளிச்சத்தில் பள்ளிக்கு வந்தவர்கள்

வணக்கம் நேயர்களே. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக இரவுப் பள்ளிகளைத் தொடங்கிய கோரா வில்சன் ஸ்டூவர்ட்டைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். முதலில் அவர் பிறந்த மண்ணின் கதை.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே, அப்பலாச்சிய மலையடிவாரத்தில் ரோவன் கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி. அதன் தலைநகர் மோர்ஹெட். அங்கிருந்து சில மைல் தள்ளி ஃபார்மர்ஸ் என்று ஒரு சிற்றூர். 1884 டிசம்பரில் ஓர் இரவு அந்த ஊர் நிலையத்தில் ரயில் வந்து நின்றது. உள்ளே கைவிலங்கோடு ஜான் மார்ட்டின் என்ற கைதி உட்கார்ந்திருந்தார். பொய்யான உத்தரவு ஒன்றைக் காட்டி அவரைச் சிறையிலிருந்து வெளியே எடுத்திருந்தார்கள். எதிரிகள் பெட்டிக்குள் ஏறி அவரைச் சுட்டார்கள். அவருடைய மனைவி அதே ரயிலில் வேறொரு பெட்டியில் வந்துகொண்டிருந்தார்.

அந்த ஆண்டு ஆகஸ்டில், தேர்தல் நாளன்று மூண்ட கைகலப்பில் தொடங்கிய பகை அது. மார்ட்டின் குடும்பமும் டாலிவர் குடும்பமும் மூன்று ஆண்டுகள் மோதின. ஏறத்தாழ 20 பேர் செத்தார்கள். அரசிடம் முறையிட்டும் பயனில்லாமல் போகவே, பூன் லோகன் என்ற வழக்கறிஞர் தாமே துப்பாக்கிகள் வாங்கி ஆள் திரட்டினார். 1887 ஜூன் 22 அன்று மோர்ஹெட்டைச் சுற்றி வளைத்தார். டாலிவர் தரப்பின் தலைவர் கிரேக் டாலிவர் அன்று கொல்லப்பட்டதோடு சண்டை ஓய்ந்தது. ரோவன் என்றதும் பலருக்கு இந்தத் துப்பாக்கிக் கதைதான் ஞாபகம் வரும். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், ஃபீபி பட்டன் என்ற அம்மையாரும் அவர் மகன் ஃபிராங்க் பட்டனும் மோர்ஹெட்டுக்கே வந்து ஒரு பள்ளியைத் திறந்தார்கள். முதல் நாள் ஒரே ஒரு மாணவி. இன்றைய மோர்ஹெட் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அதுதான் வேர்.

இனி கோராவுக்கு வருவோம். 1875-இல் அதே ஃபார்மர்ஸில் பிறந்தவர். பட்டன் தாயும் மகனும் தொடங்கிய பள்ளியில் படித்தவர். இருபது வயதில் ஆசிரியை ஆனார். 1901-இல் கவுண்டியின் பள்ளிக் கண்காணிப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களுக்கு வாக்குரிமை முழுமையாக வராத காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

அவருடைய அலுவலகத்துக்கு ஒரு தாய் அடிக்கடி வருவார். சிகாகோவில் இருந்த மகள் கடிதம் போடுவாள். அதைப் படித்துச் சொல்லவும் பதில் எழுதித் தரவும் ஆள் வேண்டும். கொஞ்ச நாள் வரவில்லை. பிறகு ஒருநாள் வந்து, 'நானே படிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டேன்' என்றார். ஓடையில் வெள்ளம் ஏறினால் கடிதத்தைக் கொண்டுவர வழியில்லை, பிறர் கையில் கொடுத்தால் வீட்டு ரகசியம் வெளியே போகும் என்பதால், எழுத்துக்கூட்டும் புத்தகம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு தாமாகவே படித்திருந்தார். பெரியவர்களுக்கு இனிமேல் படிப்பு ஏறாது என்ற பேச்சுக்குக் கோராவுக்குக் கிடைத்த பதில் இந்த அம்மாதான்.

பெரியவர்களுக்கென்றே பள்ளி தொடங்க முடிவு செய்தார். ஆனால் அவர்களுக்குப் பகலில் வயல்வேலை, மரவேலை. ஆக, பள்ளி இரவில்தான். பாலமில்லாத ஓடைகளும் குண்டுங்குழியுமான பாதையும் கொண்ட நாட்டில் இருட்டில் நடக்க முடியாது. அதனால் நிலாக் காலம் பார்த்துத் தொடங்கினார்கள். 'நிலவொளிப் பள்ளி' என்ற பெயர் அழகுக்காக வைத்ததல்ல. 1911 செப்டம்பர் 4, அமெரிக்கத் தொழிலாளர் தினம். விடுமுறை நாளில் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய் அழைத்தார்கள். சம்பளம் கிடையாது. பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர்களே இரவிலும் நடத்த முன்வந்தார்கள். மறுநாள் இரவு 50 பள்ளிகள் திறந்தன. பள்ளிக்கு மூன்று பேர் வீதம் 150 பேர் வந்தால் போதும் என்று எண்ணியிருந்தார்கள். வந்தவர்கள் 1,200 பேர். 18 வயதுப் பிள்ளையும் உண்டு, 86 வயதுக் கிழவரும் உண்டு.

பாடத்திட்டத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். மாலை 7 முதல் 9 வரை, வாரத்தில் நான்கு இரவு, ஆறு வாரம். படிப்பு, எழுத்து, கணக்கு என்று சிறுசிறு பகுதிகள். பெரியவர் கையில் குழந்தைகளின் அரிச்சுவடியைக் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் நாளே கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவார். அதனால் கோரா அவர்களுக்கென்றே சின்னச் செய்தித்தாள் ஒன்றை அச்சடித்தார். தெரிந்த ஊர்ச் செய்தி, குட்டி வாக்கியங்கள், ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். 'நம்மால் வெல்ல முடியுமா? எதை வெல்வது? பரிசை வெல்ல முடியுமா? முடியும்.' சொல்லும் மனதில் பதியும், பக்கத்துப் பள்ளியோடு போட்டியும் சூடேறும். முதல் வாரமே 'பேப்பர் படிக்கிறேன்' என்று ஒருவர் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

எழுத்துக்கு ஒரு மைஒற்றுத்தாள் அட்டை. அதில் எழுத்துகளைப் பள்ளமாகப் பதித்திருப்பார்கள். கோடரியும் கலப்பையும் பிடித்துக் காய்த்துப்போன விரலுக்குப் பென்சில் வழுக்கும், அழுத்தம் தெரியாது, கோடு தறிகெட்டு ஓடும். பள்ளத்துக்குள் முனையை வைத்துவிட்டால் அதன் விளிம்பே கையை வழிநடத்தும். அதே தடத்தில் பலமுறை ஓட்டிவிட்டு வெறுந்தாளுக்கு வருவார்கள். முதலில் எழுதுவது சொந்தப் பெயர்தான். பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட்டுவந்த மனிதர் தன் பெயரைத் தானே எழுதிப் பார்க்கும் இரவு அது.

ஆறு வாரத்தில் கற்றது, தொடர்ந்து படிக்க எதுவும் இல்லாவிட்டால் மறந்துபோகும். அதனால் 1915 முதல் கிராம வாழ்க்கையையே பாடமாக வைத்து வாசகப் புத்தகங்கள் வெளியிட்டார். நல்ல சாலை, மண்வளம், சுகாதாரம், வரி, வாக்கு எல்லாம் அவற்றில் உண்டு. பள்ளிக்கு வர முடியாத நோயாளிகளுக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றும் தயாரித்தார்கள். கோராவின் கணக்குப்படி 1,152 பேரில் கடைசியில் மிஞ்சியவர்கள் 23. பார்வையற்றோரும் பார்வை குறைந்தோரும் 6, படுத்த படுக்கையானவர்கள் 5, மனவளர்ச்சிக் குறைவும் வலிப்பும் உள்ளவர்கள் 6, புதிதாகக் குடிவந்தவர்கள் 2, எவ்வளவு சொல்லியும் இணங்காதவர்கள் 4. இயக்கத்தை நடத்தியவரே எடுத்த கணக்கு இது. பெயர் எழுதத் தெரிந்தவரையும் தடையின்றிப் படிப்பவரையும் அது ஒரே தட்டில் வைக்கிறது. அதையும் மனதில் கொண்டே படிக்க வேண்டும். ஆனாலும் விட்டுப்போன ஒவ்வொருவருக்கும் காரணம் எழுதி வைத்த அந்தப் பட்டியல் எனக்குப் பெரிய விஷயம். 'மீதிப் பேர்' என்று யாரையும் அதில் ஒதுக்கவில்லை.

1914-இல் கென்டக்கி அரசு எழுத்தறிவின்மை ஒழிப்பு ஆணையம் அமைத்தது. முதல் உலகப் போர் வந்தபோது, படை வீரர்களுக்காகத் தனிப் பாடநூல் எழுதினார் கோரா. 1920-இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அதிபர் வேட்பாளர் வாக்கெடுப்பில் அவருக்கு ஒரு வாக்கு விழுந்தது. அதே ஆண்டு ஆணையத்துக்கு நிதி நின்றது. பிற்காலத்தில் அவருக்குப் பார்வை மங்கியது. 1958-இல் வட கரோலினாவில் காலமானார். பிறருக்கு எழுத்தைக் காட்டிக் கொடுத்தவர் கடைசி நாட்களில் எழுத்தைப் பார்க்க முடியாமல் இருந்தார்.

நன்றி, வணக்கம்.