ஸ்காட்லாந்து அகேட் ப்ரூச்: கல்லைக் கேட்டவருக்கு முடியைப் பற்றிய பதில்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாட்களாக என்னை விடவில்லை. எடின்பரோவில் வசிக்கும் நேயர் ஒருவர், வெள்ளிச் சட்டத்தில் அகேட் எனப்படும் வரிவரியான கற்கள் பதித்த பழைய ப்ரூச், அதாவது உடையில் குத்திக்கொள்ளும் ஊசி நகை ஒன்றை வாங்கியிருக்கிறார். அதன் பின்புறம் லாக்கெட்டைப் போலச் சிறு கண்ணாடி அறை இருக்கிறது; அதற்குள் பின்னிய பழுப்பு நிற முடி இருக்கிறது. "கல் உண்மையிலேயே ஸ்காட்லாந்துக் கல்தானா? முடியை எடுத்துவிட்டு என் மகளின் படத்தை வைக்கலாமா?" என்று கேட்கிறார்.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு என் முதல் வாக்கியம் தெரியும்: நகையைத் திருப்பிப் பாருங்கள். ஆனாலும் கேட்டது கல்லைப் பற்றி என்பதால் அதற்கே முதலில் வருகிறேன். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கி உறைந்த எரிமலைக் குழம்பில் வாயுக்குமிழிகள் விட்டுச் சென்ற பொந்துகளுக்குள், சிலிக்கா கரைந்த நீர் படலம் படலமாகப் படிந்து உருவானவையே ஸ்காட்லாந்து அகேட்கள். மான்ட்ரோஸ், பெர்த், அயர்ஷயர் பகுதிகளில் அவை கிடைத்தன. அங்குள்ளவர்கள் இவற்றைச் சாதாரணமாகக் கூழாங்கல் என்றே அழைத்தார்கள். விக்டோரியா அரசி 1842இல் முதன்முறையாக ஸ்காட்லாந்து சென்றதும், 1852இல் அங்குள்ள பால்மோரல் மாளிகை அரச குடும்பத்தின் சொத்தானதும் இந்த நகைகளுக்குப் பெரும் மோகத்தை உண்டாக்கின. தேவை பெருகவே, பர்மிங்காம் பட்டறைகளும் இதே பாணியில் செய்தன. ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைனில் கற்கள் அறுக்கப்பட்டன. அந்த ஊருக்கோ பிரேசிலிலிருந்து அகேட் வந்துகொண்டிருந்தது, அதற்குச் சாயமேற்றவும் அவர்கள் தேர்ந்திருந்தார்கள். எனவே "ஸ்காட்லாந்து அகேட் நகை" என்பதை ஒரு பாணியின் பெயராகக் கொள்வதே நேர்மை. படத்தை மட்டும் பார்த்து, இந்தக் கல் இந்தக் குன்றில் பிறந்தது என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இப்போது திருப்புங்கள். ஊசியின் முனை சட்டத்தின் விளிம்பைத் தாண்டி நீள்கிறதா, அதைப் பிடிக்கும் கொக்கி பூட்டில்லாத வெறும் வளைவுதானா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் அது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வேலை. சாய்சதுர வடிவ முத்திரை தென்பட்டால், அது 1842க்கும் 1883க்கும் இடையில் அந்த வடிவமைப்பைப் பதிவு செய்ததற்கான அடையாளம். இன்னொன்றையும் கவனியுங்கள். மெல்லிய வில்லைகளாக அறுத்த கற்களைப் பல நகைகளில் பலகைக்கல்லின் மேல் அரக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள். நம் பொற்கொல்லர்கள் உள்ளீடற்ற நகைக்குள் நிரப்பும் அதே அரக்குதான். இதை அறியாத காலத்தில் ஒரு ப்ரூச்சை வெந்நீரில் ஊறவைத்தேன். பத்து நிமிடத்தில் இரண்டு கற்கள் கிண்ணத்தின் அடியில் கிடந்தன. பின்புறக் கண்ணாடிக்குள் ஈரம் புகுந்து, முடிப் பின்னலின் ஒரு முனை ஒட்டுவிட்டு எழும்பி நின்றது. அந்த முனை இன்றும் அப்படியே நிற்கிறது. ஆகையால் உலர்ந்த மென்துணி போதும், தண்ணீர் வேண்டாம்.

அந்த முடி யாருடையது என்று நீங்கள் கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். தலையிலிருந்து இழிந்த முடியை மதிக்காத மரபில் வந்த நமக்கு, அதைக் கண்ணாடிக்குள் வைத்து மார்பில் அணிவது விநோதமாகத் தெரியலாம். ஆனால் முடி எளிதில் அழுகாது, நிறமும் நெடுங்காலம் நிற்கும். ஒருவர் உடலிலிருந்து பிரித்தெடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய பொருள்களில் இதற்கு இணையானவை குறைவு. பின்னுவதற்காகக் கொடுத்த முடியை நகைக்காரர் மாற்றிவிடுவாரோ என்ற அச்சத்தில், வீட்டிலேயே பின்னக் கற்றுக்கொண்ட பெண்களும் இருந்தார்கள்.

முடி இருந்தாலே அது இறந்தவருடையது என்று எண்ணிவிட வேண்டாம். கறுப்பு எனாமலும் நினைவு வாசகமும் இருந்தால் துக்க நகை எனலாம். அவை இல்லையென்றால் காதலரோ தோழியோ குழந்தையோ கொடுத்ததாகவும் இருக்கலாம். விக்டோரியாவிடமே தம் ஒன்பது குழந்தைகளின் முடியையும் தனித்தனி இதய வடிவ லாக்கெட்டுகளில் வைத்துக் கோத்த கைவளை இருந்தது. அவரிடம் ஸ்காட்லாந்தின் அடையாளமான திசில் என்ற முட்செடிப் பூவின் வடிவில் ஒரு ப்ரூச்சும் இருந்தது. அதில் பூவின் இடத்தில் பதித்திருப்பது மூத்த மகளின் பால்பல். 1847 செப்டம்பர் 13 அன்று ஸ்காட்லாந்தின் ஆர்ட்வெரிக்கியில் அரசியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் பிடுங்கிய பல் அது என்ற செய்தி எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது தெரியுமா? பின்புறத்தில்தான்! முன்பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது ஏதோ வெண்ணிறக் கல்லாகவே தோன்றும்.

ஆகவே, முடியை எடுக்காதீர்கள் என்பதே என் பதில். மகளின் படத்துக்கு வேறொரு லாக்கெட் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு முன், உருப்பெருக்கியை வைத்து ஊசியின் கீலைச் சுற்றியும் கண்ணாடியின் விளிம்பிலும் எழுத்துகள் உள்ளனவா என்று தேடுங்கள். நீங்கள் அனுப்பிய மூன்று படங்களும் முன்பக்கத்துப் படங்களே. பின்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள்.