பூனை, சிறிய நாய் அன்று

வணக்கம், நேயர்களே.

நாய் வளர்ப்பதா, பூனை வளர்ப்பதா என்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். கால்நடை மருத்துவராக முப்பது ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், ஒரு மாலை நேரத்தில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். ஒரு குடும்பத்தார் தம் பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார்கள். அதன் உடல் முழுவதும் நடுங்கியது; காதுகளும் கால்களும் வெட்டி வெட்டி இழுத்தன. வீட்டு நாய்க்கு உண்ணி மிகுந்திருந்ததால் பிடரியில் விடும் சொட்டு மருந்தை வாங்கியவர்கள், மீதமிருந்த சில துளிகளைப் பூனைக்கும் விட்டிருக்கிறார்கள். அந்த மருந்தில் பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி இருந்தது. நாயின் கல்லீரல் அதனை எளிதில் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. நாய்க்கு நல்லது பூனைக்கும் நல்லதுதான், அளவைக் குறைத்தால் போதும் என்று அவர்கள் மனமார நம்பினார்கள்.

என் அனுபவத்தில், வீட்டுப் பூனைகள் படும் துன்பங்களில் பெரும்பகுதி இந்த ஒரு நம்பிக்கையிலிருந்தே பிறக்கிறது. பூனைக்குக் காய்ச்சல் என்று நினைத்து, நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரே ஒரு மாத்திரை பூனையின் உயிரைப் பறிக்கப் போதுமானது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் அவற்றின் மூதாதையர். ஓநாயிலிருந்து வந்த நாய், குறைந்தது 15,000 ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து, அவன் உண்ட மிச்சத்தை உண்டு, மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றலையும் பெருக்கிக்கொண்டது. பூனையோ மேற்காசியாவில் உழவு தொடங்கிய காலத்தில், தானியக் குதிர்களைத் தேடி வந்த எலிகளைத் தேடித் தானாக வந்த காட்டு விலங்கு. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதருக்கு அருகே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புகள் கிடைத்துள்ளன. அத்தனை நெடுங்காலம் நம்மோடு இருந்தும், அதன் குடல் இன்றுவரை வேட்டை விலங்கின் குடலாகவே இருக்கிறது.

நம் வீடுகளில் இரண்டுக்கும் ஒரே தட்டில் தயிர்சாதம் வைக்கிறோம். நாய் அதனோடு சிறிது முட்டை, இறைச்சி கிடைத்தால் நன்றாகவே வளரும். பூனைக்கு அது வயிற்றை நிரப்புமே தவிர, உடலைக் காக்காது. டாரின் என்னும் சத்தைப் போதிய அளவு தன் உடலில் உண்டாக்கிக்கொள்ளப் பூனையால் முடியாது. மீன், கோழி, ஈரல் போன்றவற்றிலிருந்தோ முறையாகத் தயாரித்த பூனைத் தீவனத்திலிருந்தோதான் அது கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கண்பார்வை மங்கும். இதயத் தசை தளர்ந்து வீங்கும். சைவ உணவு உண்ணும் குடும்பங்கள் பூனை வளர்க்க விரும்பும்போது, இதனை முன்கூட்டியே மனத்தில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்று நான் வலியுறுத்திச் சொல்வதுண்டு. வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்புச் சோறு இரண்டுக்குமே ஆகாது. இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

வறண்ட நிலத்து விலங்கின் வழிவந்ததால், பூனை தண்ணீரும் குறைவாகவே குடிக்கும். உலர் தீவனத்தை மட்டும் தின்று, தண்ணீர் போதாமல் வாழும் ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொள்வதுண்டு. பூனை மணல் தட்டில் மீண்டும் மீண்டும் உட்கார்ந்து முக்குவதைப் பார்த்து, மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டு மறுநாள்வரை காத்திருப்பவர்கள் பலர். அந்த ஓர் இரவே அதன் உயிரைக் குடித்துவிடலாம். ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், மணி பார்க்காமல் மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். நாய்க்கு உடம்பு முடியாவிட்டால் அது நம் காலடியில் வந்து படுத்து முனகும்; பூனை கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குப் பின்னாலோ ஒளிந்துகொள்ளும். ஆதலால் பூனை வளர்ப்பவர் கூர்ந்து பார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

இனி நாய்க்கு வருவோம். நாய் கூட்டத்தில் வாழும் விலங்கு. அதன் கூட்டம் நம் குடும்பம். காலை எட்டு மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்பி, இரவு எட்டு மணிக்குத் திரும்பும் வீட்டில், பால்கனிக் கம்பியில் கட்டிப்போடப்பட்ட நாய் நாள் முழுவதும் குரைப்பதைக் குறும்பு என்று சொல்கிறோம். அது குறும்பு அன்று, தனிமை. அத்தகைய குடும்பங்கள் நாய் வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பகலில் பெரும்பொழுதைத் தூங்கிக் கழிக்கும் பூனை அங்கே ஓரளவு நிம்மதியாக இருக்கும்.

நாயிலும் எந்த நாய் என்பது முக்கியம். பனி நாட்டில் வண்டியிழுக்கப் பிறந்த ஹஸ்கியைச் சென்னையின் மே மாத வெயிலில் வைத்து, மின்சாரம் நின்றவுடன் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை இந்த வெப்பத்துக்குப் பழகிய குட்டை மயிர் நாய்கள். ஆனால் முயல் வேட்டைக்கென்று வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறையையும் கன்னியையும் இரண்டு அறை வீட்டுக்குள் அடைப்பதும் கொடுமைதான். அவற்றுக்கு நாள்தோறும் ஓட இடம் வேண்டும். தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்து, தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து வளர்ப்பவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். அது விலையில் குறைந்தது, அறிவில் குறைந்தது அன்று.

வீட்டில் மருமகளோ மகளோ கருவுற்றவுடன், பூனையைச் சாக்கில் கட்டித் தொலைவில் விட்டுவிட்டு வரும் வழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி பூனையின் மலத்தின் வழியாகப் பரவக்கூடியது என்பது உண்மையே. ஆனால் அது மலத்தில் வெளிப்பட்டு, ஒரு நாளுக்கு மேல் ஆன பின்னரே தொற்றும் நிலையை அடைகிறது. கருவுற்றவரைத் தவிர வேறு ஒருவர் நாள்தோறும் மணல் தட்டைச் சுத்தம் செய்தால் ஆபத்து பெரிதும் நீங்கும். சரியாக வேகாத இறைச்சியும், கையுறையின்றித் தோட்ட மண்ணில் வேலை செய்வதும் அந்த ஒட்டுண்ணிக்கு வேறு வழிகள். பூனையை மட்டும் வெளியேற்றிவிட்டு அவற்றை மறந்துவிடக் கூடாது.

ரேபிஸ் நோயைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. மனிதர்க்கு வரும் ரேபிஸ் பெரும்பாலும் நாய்க்கடியால் வருவதால், பூனைக்குத் தடுப்பூசி தேவையில்லை என்று பலர் இருந்துவிடுகிறார்கள். பூனையாலும் அது பரவும். ஆகவே இரண்டுக்கும் மூன்று மாத வயதில் தடுப்பூசி தொடங்க வேண்டும். எது கடித்தாலும் பிறாண்டினாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஊசி அங்கே இலவசமாகவே போடப்படுகிறது.

நான் முதலில் சொன்ன பூனையை உடனே வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுக் கழுவினோம். நடுக்கம் அடங்க மருந்து செலுத்தினோம். மூன்றாம் நாள் காலையில் அது மீன் தின்றது, வீடு திரும்பியது. அந்த வீட்டில் நாயும் பூனையும் ஒரே பாயில் படுத்துத் தூங்குபவை. நாய்க்கு உண்ணி மருந்து விடும் ஒவ்வொரு முறையும் அது எந்த மருந்து என்று அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள்; மருந்து நன்கு காயும்வரை பூனையை வேறு அறையில் வைத்திருந்தார்கள்.

நன்றி, வணக்கம்.