யாரை அனுப்புவது?

(மெல்பர்ன் தமிழ் வாசகர்களின் மாதாந்திரக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தலைப்பைக் கேட்டுவிட்டு, "ஃபூட்டியைப் பற்றிப் பேச இத்தனை பேரைக் கூப்பிட வேண்டுமா?" என்று வாசலிலேயே ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் கிளென் வேவர்லிக்குக் குடிவந்த புதிதில் ஃபூட்டி என்கிற இந்த ஆஸ்திரேலியக் கால்பந்து எனக்கும் புரியவில்லை. பக்கத்துத் தெருவெல்லாம் ஹாதார்ன் கிளப்பின் ரசிகர்கள். பழுப்பும் மஞ்சளும் கலந்த கழுத்துத் துணியை என் மகள் கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் ஆட்டம் பார்க்க ஆரம்பித்தேன். ஆனால் என்னை உள்ளே இழுத்தது மைதானம் இல்லை. ஆட்டமெல்லாம் முடிந்தபின் அக்டோபர் மாதத்தில் நடக்கும் டிரேட்.

செப்டம்பர் கடைசியில் இறுதி ஆட்டம் முடிந்து சில நாட்களில் டிரேட் காலம் தொடங்கிவிடும். ஏ.எஃப்.எல். என்கிற தேசிய லீகின் பதினெட்டு கிளப்புகளும் வீரர்களை மாற்றிக்கொள்ளும். ஒவ்வொரு கிளப்பிலும் அந்த வேலைக்கென்றே ஒருவர் இருப்பார். அவர் பெயர் லிஸ்ட் மேனேஜர். கோச் இந்த வாரம் யார் ஆடுவது என்று முடிவு செய்பவர். லிஸ்ட் மேனேஜர் மூன்று வருடம் கழித்து யார் ஆடுவது என்று கவலைப்படுபவர். கையில் நாற்பது சொச்சம் பேர் கொண்ட பட்டியல், அதற்குக் கட்டுப்பட்ட சம்பளக் கணக்கு, அவ்வளவுதான் அவருடைய உலகம்.

நமக்குத் தெரிந்த ஐ.பி.எல். ஏலத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் தப்பாகப் புரியும். ஏலத்தில் பணம் இருக்கிறவர் கையைத் தூக்குவார். இங்கே ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குப் பணம் கொடுத்து ஆளை வாங்க முடியாது. வீரருக்கு வீரர், அல்லது வீரருக்கு டிராஃப்ட் பிக். உப்பைக் கொடுத்து நெல் வாங்கிய உமணர் வியாபாரம் மாதிரி, சுத்தமான பண்டமாற்று.

பிக் என்றால் என்ன? ஒவ்வொரு வருடமும் பதினெட்டு வயதுப் பையன்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் உரிமை. கடைசி இடத்தில் முடிந்த கிளப்புக்கு முதல் பிக், கோப்பை வென்ற கிளப்புக்கு அந்தச் சுற்றின் கடைசி பிக். 1986ல் இந்த டிராஃப்ட் முறை வந்தது. அடுத்த வருடமே சம்பள உச்சவரம்பும் வந்தது. பணக்கார கிளப்புகளே எப்போதும் ஜெயித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதுதான் எண்ணம். 2025ல் ஒரு கிளப் வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளம் சுமார் ஒன்றே முக்கால் கோடி டாலர். அதற்கு மேல் போகவும் கூடாது, அதில் 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கவும் கூடாது.

அதாவது எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே பணம். அப்படியானால் ஒருவர் ஜெயிப்பதும் இன்னொருவர் தோற்பதும் எதனால்? டிரேட் என்றதும் எல்லோரும் யார் வந்தார் என்று கேட்கிறோம். நான் யாரை அனுப்பினார்கள், எதைக் கொடுத்தார்கள் என்று பார்க்கச் சொல்வேன். நல்ல ஆளை ஆசைப்படுவதற்குத் திறமை வேண்டாம். எனக்கே அது வரும்.

2007ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ் ஜட், வெஸ்ட் கோஸ்ட் கிளப்பின் கேப்டன். முந்தைய வருடம்தான் கோப்பையைத் தூக்கியவர். ஊர் மெல்பர்ன், திரும்பி வரவேண்டும் என்கிறார். மெல்பர்னின் கார்ல்டன் அப்போது தொடர்ந்து அடிமட்டத்தில் கிடந்த கிளப். ஜட்டும் 46ஆம் பிக்கும் கார்ல்டனுக்கு. பதிலுக்கு 3ஆம் பிக், 20ஆம் பிக், கூடவே ஜாஷ் கென்னடி என்ற இளைஞர். அன்றைக்குக் கார்ல்டன் ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஜட் ஏமாற்றவும் இல்லை. கேப்டனானார், 2010ல் லீகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். ஆனால் அவர் ஆடிய வருடங்களில் கார்ல்டன் ஒரு முறைகூட இறுதி ஆட்டத்துக்குப் போகவில்லை. அந்தக் கென்னடி பையன்? வெஸ்ட் கோஸ்ட் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவராகி, 2018ல் கோப்பையும் வென்று, 2022ல் தன் கடைசி ஆட்டத்தில் எட்டு கோல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

கார்ல்டன் செய்தது முட்டாள்தனம் என்று நான் சொல்ல வரவில்லை. துவண்டு கிடந்த கிளப்புக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. ஆனால் வெஸ்ட் கோஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை நினைத்துப் பாருங்கள். போகிறேன் என்று நிற்கும் கேப்டன். பிடித்து வைக்க முடியாது. அந்த இக்கட்டில் உட்கார்ந்து, "சரி, அந்தப் பையனையும் சேர்த்துக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கினார்களே, வேலை என்றால் அது.

இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. ஒப்பந்தம் உள்ள வீரரை அவர் சம்மதம் இல்லாமல் வேறு கிளப்புக்கு மாற்ற முடியாது. பெரும்பாலும் வீரரே, "எனக்கு இந்த கிளப்தான் வேண்டும்" என்று பெயரைச் சொல்லிவிடுவார். ஊர், மனைவியின் வேலை, பெற்றோர் என்று ஆயிரம் காரணம். மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டு வந்து நிற்க, சீர்வரிசை பேச வேண்டிய பெரியவர்கள் எப்படித் திண்டாடுவார்களோ அப்படித்தான் லிஸ்ட் மேனேஜரும். பேரம் பேச ஒரே ஒரு வீடுதான் இருக்கிறது என்பது அந்த வீட்டுக்கும் தெரியும்.

2012ல் ஃப்ரீ ஏஜென்சி வந்தபின் இது இன்னும் முற்றியது. ஒரே கிளப்பில் எட்டு வருடம் ஆடி, ஒப்பந்தமும் முடிந்த வீரர் வேறு கிளப்பின் அழைப்பை ஏற்றுக்கொள்ளலாம். அவர் அதிகச் சம்பளக்காரர்களில் ஒருவராக இருந்தால், அதே தொகையைத் தானும் கொடுப்பதாகச் சொல்லித் தடுக்கும் உரிமை பழைய கிளப்புக்கு உண்டு. 2020ல் ஜெரமி கேமரன் ஜீலாங்குக்குப் போகிறேன் என்றபோது அவருடைய கிளப்பான ஜி.டபிள்யூ.எஸ். அந்த உரிமையைப் பயன்படுத்தியது. வேறு வழியின்றி ஜீலாங் உட்கார்ந்து பேசி 13, 15, 20 என்று மூன்று முதல் சுற்று பிக்குகளைக் கொடுத்தது. கிழவர்கள் அணி, எதிர்காலத்தை விற்றுத் தின்கிறது என்று அப்போது பேசினார்கள். நானும் பேசினேன். 2022ல் அதே ஜீலாங் சிட்னியை 81 புள்ளி வித்தியாசத்தில் நசுக்கியது. அந்த இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரர் ஐசக் ஸ்மித். எங்கள் ஹாதார்னிலிருந்து ஃப்ரீ ஏஜென்டாகப் போனவர். அவருக்காக ஜீலாங் ஒரு பிக்கைக்கூடக் கொடுக்கவில்லை.

அப்பா ஒரு கிளப்புக்கு நூறு ஆட்டம் ஆடியிருந்தால் மகனை அந்த கிளப்பே எடுத்துக்கொள்ள வழி உண்டு, பிக் ஒவ்வொன்றுக்கும் புள்ளிக் கணக்கு உண்டு, முதல் பிக்குக்கு 3000 புள்ளி. அந்தக் கணக்குக்குள் போனால் நாம் இங்கேயே இரவுச் சாப்பாடு சாப்பிட வேண்டியிருக்கும். தேநீர் நேரத்தில் கேளுங்கள், சொல்கிறேன்.

ஹாதார்னுக்கு வருகிறேன். பாரபட்சம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். 2013 இறுதி ஆட்டத்தில் ஜெயித்த அணியைப் பாருங்கள். ஜாஷ் கிப்ஸன், டேவிட் ஹேல் நார்த் மெல்பர்னிலிருந்து வந்தவர்கள். ஷான் பர்கோய்ன் போர்ட் அடிலெய்டு. ஜாக் கன்ஸ்டன் அடிலெய்டு. பிரையன் லேக் முப்பது வயதில் வெஸ்டர்ன் புல்டாக்ஸிலிருந்து வந்தவர், அன்றைய ஆட்டத்தின் சிறந்த வீரரும் அவர்தான். இவர்களில் யாரும் வந்த நாளில் மாலை மரியாதையோடு வந்தவர்கள் இல்லை. தடுப்பில் ஓர் ஓட்டை, அதற்கு ஓர் ஆள் என்று பார்த்துப் பார்த்து வைத்த செங்கற்கள்.

கோப்பையைத் தூக்கிய சில நாட்களில் லான்ஸ் ஃபிராங்க்ளின், செல்லமாக எங்கள் 'பட்டி' (Buddy), சிட்னிக்குப் போனார். ஒன்பது வருடம், சுமார் ஒரு கோடி டாலர். ஹாதார்ன் அந்தத் தொகையைக் கொடுத்துத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. என் மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மறு வருடம் இறுதி ஆட்டத்தில் யார் யார் மோதினார்கள் தெரியுமா? ஹாதார்னும் சிட்னியும்தான். பட்டி நாலு கோல் அடித்தார். ஹாதார்ன் 63 புள்ளியில் ஜெயித்தது. 2015லும் ஜெயித்தது. ஃபிராங்க்ளின் சிட்னிக்குப் போய் ஆயிரமாவது கோல் அடித்தார், கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. ஒருவர் சம்பளத்தில் நாலு பேரை வைத்திருக்கலாம் என்று அந்த அறையில் யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2020ல் காலிங்வுட்டைப் பார்க்கலாம். நீண்ட, கனமான ஒப்பந்தங்கள் சேர்ந்து உச்சவரம்பை முட்டின. ஆடம் டிரெலோர், இன்னும் ஐந்து வருட ஒப்பந்தம் இருந்தவர், புல்டாக்ஸுக்கு அனுப்பப்பட்டார். அவர் சம்பளத்தில் ஒரு பகுதியைக் காலிங்வுட்டே தொடர்ந்து கொடுத்தது. சம்மதம் வேண்டும் என்ற விதி இருக்கிறதே என்பீர்கள். வீட்டில் நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டபின் எத்தனை நாள் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்?

கடைசியாக ஒரு கதை. சாம் மிட்செல். ஹாதார்னுக்கு நான்கு கோப்பை வென்று கொடுத்தவர், 2008ல் கேப்டன். 2016ல் கிளப்பின் சிறந்த வீரர் விருதை ஐந்தாவது முறையாக வாங்கினார். அதே அக்டோபரில் அவரை வெஸ்ட் கோஸ்டுக்கு அனுப்பினார்கள். வந்தவை பின்சுற்று பிக்குகள், சில்லறை மாதிரி. அவர் விட்ட இடத்துக்குச் சிட்னியிலிருந்து இன்னொரு மிட்செல் வந்தார், டாம் மிட்செல். உறவு இல்லை, பெயர்தான் ஒன்று. 2018 முதல் வாரத்தில் காலிங்வுட்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 54 முறை பந்தை உதைத்தோ கையால் தட்டியோ அனுப்பினார், அது லீக் சாதனை. அந்த வருடம் பிரவுன்லோவும் அவருக்குத்தான்.

சாம் திரும்பி வந்தார். 2022ல் ஹாதார்னின் கோச்சானார். பட்டியல் மூப்படைந்துவிட்டது, இளைஞர்களுக்கு இடம் வேண்டும் என்று முடிவானது. அந்த அக்டோபரில் அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் டாம் மிட்செல். அவர் போனது காலிங்வுட்டுக்கு. அடுத்த செப்டம்பரில் பிரிஸ்பேனை நாலே நாலு புள்ளியில் வென்று அவர் கோப்பையைத் தூக்கியபோது, நான் டிவி முன்னால் எழுந்து நின்று கைதட்டிவிட்டேன். காலிங்வுட்டுக்காக நான் கைதட்டியது அந்த ஒரு முறைதான். என் மகள் இன்னும் மன்னிக்கவில்லை.