சத்தம் போடாத டேப்பட்

நேயர்களுக்கு வணக்கம்.

எஞ்சினிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் நாம் சும்மா இருக்க மாட்டோம். மெக்கானிக்கிடம் போவோம். அவரும் "டேப்பட் லூசா இருக்கு" என்று, அதாவது வால்வைத் தள்ளுகிற இடத்தில் இடைவெளி கூடிவிட்டது என்று சொல்லி, டைட் வைத்து அனுப்புவார். சத்தம் நிற்கும், மனசும் நிறையும். பல வருஷமாக எஞ்சினோடு பழகியவன் சொல்கிறேன்: சத்தம் போடுகிற டேப்பட்டுக்கு நான் பயந்ததில்லை. சத்தமே போடாததைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம்.

4 ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது, கலவை உள்ளே வரவும் புகை வெளியே போகவும் கதவு மாதிரி இருக்கிற ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. அதைத் தள்ளுகிற ராக்கர் ஆர்முக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. பல பைக்குகளில் 0.1 மில்லிமீட்டர்தான், ஏறக்குறைய ஒரு தாளின் கனம். சூடேறினால் வால்வு நீளும். அது நீள இடம் வேண்டுமே! புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாவதால் அதற்குப் பொதுவாக இன்னும் கொஞ்சம் கூடுதல்.

டைட் வைத்து அந்த இடத்தைப் பறித்துவிட்டால் வால்வு சீட்டில், அதாவது மூடும்போது அது உட்காரும் வளையத்தில், முழுசாக உட்காராது. கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை அமுங்கும் அழுத்தம், கசியும்; இழுவை குறையும், காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும். இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. எக்ஸாஸ்ட் வால்வு வாங்குகிற சூட்டில் பெரும்பகுதி, அது மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாகத்தான் சிலிண்டரின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்குகிறது. உட்காராத வால்வின் சூடு எங்கே போகும்? ஒருமுறை ஒரு பைக்கின் ஹெட்டைக் கழற்றினேன். எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில் எலி கொறித்த மாதிரி ஒரு பள்ளம். வண்டிக்காரர், "சத்தமே இல்லாம பூ மாதிரி ஓடிச்சே சார்" என்றார். ஓடியிருக்கும்தான்.

புகைக்கு வருவோம். கசிகிற சிலிண்டரில் கலவை சரியாக எரியாது. எரியாத பெட்ரோல் ஹைட்ரோகார்பனாக வெளியே போகும். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இன்னொரு கூத்தும் நடக்கும். எரியாத கலவையோடு செலவாகாத ஆக்சிஜனும் சைலன்சர் பக்கம் போகிறதல்லவா? அங்கிருக்கும் ஆக்சிஜன் சென்சார், 'பெட்ரோல் போதவில்லை' என்று தப்பாகப் புரிந்துகொள்ளும். அதை நம்பிக் கம்ப்யூட்டரும் பெட்ரோலைக் கூட்டும். ஒழுங்காக எரிகிற சிலிண்டர்களுக்கும் கலவை கெட்டியாகி, கார்பன் மோனாக்சைடு ஏறும், மைலேஜ் இறங்கும். மிஞ்சிய பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் எரிந்து அதையும் பாழாக்கும். சென்சாரை மாற்று, இன்ஜெக்டரைக் கழுவு என்று ஆள் அலைவார். கோளாறோ அந்த இடைவெளியை வைக்கிற ஒரு திருகில் இருக்கும்.

லூசாக இருந்தால்? வால்வு தாமதமாகத் திறந்து, முன்கூட்டியே மூடும். திறக்கிற உயரமும் குறையும். அதிக வேகத்தில் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் சுருங்குவதால் ஐடிலிங் என்னவோ நிதானமாகவே இருக்கலாம். ஆனால் சிலிண்டரில் தங்கும் பழைய புகை குறைந்து, எரிகிற சூடு கூடி, நைட்ரஜன் ஆக்சைடு ஏற வாய்ப்புண்டு. வண்டியை நிறுத்தி வைத்து ஐடிலிங்கில் எடுக்கிற புகைச் சோதனையில் இது பிடிபடாது. அந்த வாயு பெரும்பாலும் எஞ்சின் பாரம் இழுக்கும்போதுதான் உருவாகிறது.

ஓட ஓட இடைவெளி கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல எஞ்சின்களில் நேர்மாறு. சீட் தேய்ந்து வால்வு உள்ளே அமிழ, தண்டின் நுனி மேலே ஏறும். இடைவெளி சத்தமில்லாமல் சுருங்கும். அதனால் காதை நம்பாமல், கையேடு சொல்லும் கிலோமீட்டருக்கு அளந்து பாருங்கள். எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் உள்ள எஞ்சின்களுக்கு இந்த வேலை இல்லை.

அளக்கும்போது எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரெஷன் முடிவில், உச்சியில் நிற்க வேண்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்து இழுத்தால் விரலுக்கு லேசான பிடிப்புத் தெரிய வேண்டும். தொளதொளவென்றும் வரக்கூடாது, மல்லுக்கட்டவும் கூடாது. பிறகு திருகை நகராமல் பிடித்து நிறுத்தும் லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது திருகும் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும். அதனால் கேஜைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், இன்னொரு தடவை நுழைத்துப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.