கொம்பு முன்னால், சத்தம் பின்னால்

(ஏற்காட்டில் தாய்மார்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் டீச்சர்களுக்கும் வணக்கம்.

காலையில் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்தேன். முன் சீட்டில் ஒரு பாட்டி, மடியில் நாலு வயசுப் பேத்தி. மேலே வர 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு பலகையையும் காட்டி, "இது என்ன நம்பர்?" என்று பேத்தி கேட்க, பாட்டி சொல்லிக்கொண்டே வந்தார். எட்டைத் தாண்டியதும் குழந்தையே முந்திக்கொண்டு "ஒம்போது!" என்றது. பன்னிரண்டில் வாந்தி எடுத்துவிட்டது, அது வேறு கதை. பலகையில் இருக்கிற கோடு ஏதோ சொல்கிறது என்று அதற்குப் பிடிபட்டுவிட்டதே, படிப்பு அங்கேயே ஆரம்பித்தாயிற்று.

"மூணு வயசாச்சு, இன்னும் அ, ஆ எழுதலையே" என்று கவலைப்படுகிறீர்கள். 247 எழுத்து என்ற மலைப்பு வேறு. 'கொய்யா' என்று எழுதிப் பாருங்கள். முதலில் கொம்பு, பிறகு க, அப்புறம் கால். வாயிலோ 'க்' முதலில் வருகிறது, 'ஒ' பின்னால் வருகிறது. கண்ணுக்கு ஒரு வரிசை, காதுக்கு ஒரு வரிசை. கொய்யாவைக் கடித்து, பேரைச் சொல்லி, கதையிலும் கேட்ட பிள்ளை இந்தக் குழப்பத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். கேட்காத பிள்ளை எழுத்தெழுத்தாகத் தடுக்கி விழும். மலை, மழை இரண்டும் உங்கள் வாசலிலேயே இருக்கின்றன. அந்த வித்தியாசம் முதலில் காதில் ஏறட்டும்.

பிள்ளைக்குப் புத்தகம் படித்துக் காட்டுங்கள் என்றதும், "எனக்கே படிக்கத் தெரியாதே" என்று எஸ்டேட் வேலைக்குப் போகிற ஒரு அம்மா கேட்டார். படம் போதும், தாயி. "இது என்ன?" என்று கேளுங்கள். பிள்ளை "மாடு" என்னும். "ஆமா, கறுப்பு மாடு. எங்க போகுது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். காத்திருப்பதுதான் கஷ்டம், நாமே பதிலையும் சொல்லிவிடுவோம். 1988இல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோரை இப்படிக் கேட்டுக் கேட்டுப் படிக்கச் சொன்னார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு, வழக்கம்போல் படித்துக் காட்டப்பட்ட பிள்ளைகளைவிட முன்னேறியிருந்தது.

ஒரு மையத்துக்குப் போயிருந்தேன், பேர் வேண்டாம். படப் புத்தகமெல்லாம் பீரோவில், பளபளவென்று. "கிழிச்சிடுவாங்க சார்" என்றார்கள். ஆமாம், கிழிப்பார்கள். ஒரு வயசுப் பிள்ளை கடித்தும் பார்க்கும்.

பை நிறையப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன். கூடவே ஒரு டப்பா கோந்தும் இருக்கிறது. பாயை விரியுங்கள், பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.