தேன்சிட்டு படம் ஏன் கலங்கலா விழுது?

அடுத்து தக்கலையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "வாழைத்தோட்டத்துல தேன்சிட்டு எடுக்கேன். கிராப் சென்சார் கேமரா, 150-600 லென்ஸ், ஷட்டர் 1/500, ஸ்டெபிலைசரும் ஆன்லதான் இருக்கு. பிறகும் படம் கலங்கலா விழுது, ஏன்?"

ஸ்டெபிலைசர் உங்க கை ஆடுறதைத்தான் பிடிக்கும் தம்பி. குருவி தலையை வெட்டித் திருப்புறதை அது நிறுத்தாது. அதுக்கு வேகமான ஷட்டர்தான் வேணும், அதாவது கேமரா கண்ணு திறந்து மூடுற நேரம் குறையணும். 1/2000 வினாடி வைங்க, ரெக்கை அடிக்கிறதும் தெளிவா வேணும்னா 1/3200க்கு மேல. 1/500ல இருந்து 1/2000க்குப் போனா வெளிச்சம் நாலுல ஒரு பங்குதான் உள்ள வரும், அப்போ 800ல இருந்த ஐஎஸ்ஓ, அதாவது படத்தோட வெளிச்சத்தை ஏத்துற அளவு, 3200 ஆகணும். ஆகட்டும், பயப்படாதீங்க. படத்துல புள்ளிபுள்ளியா வர்ற நாய்ஸைப் பிறகு கம்ப்யூட்டர்ல குறைச்சிரலாம், கலங்கிப்போன குருவிக் கண்ணைச் சரிபண்ணவே முடியாது. ஐஎஸ்ஓவைக் கம்மியா வச்சு இருட்டா எடுத்துட்டுப் பிறகு ஏத்தினாலும் நாய்ஸ் வரத்தான் செய்யும்.

ஃபோகஸையும் பாருங்க. லென்ஸை 600 வரைக்கும் ஜூம் பண்ணி, எஃப் 6.3ல (லென்ஸ் துவாரத்தோட அளவு), அஞ்சு மீட்டர் தூரத்துல தெளிவா விழுற ஆழம் ரெண்டு சென்டிமீட்டர்கூட கிடையாது. அலகு நுனியில ஃபோகஸ் நின்னா கண்ணு போச்சு. அதனால குருவி நகர நகர கூடவே மாறுற தொடர் ஃபோகஸ்ல ஒத்தப் புள்ளியை வச்சு கண்ணுல நிறுத்துங்க, இல்ல கேமராவுல பறவைக் கண்ணைக் கண்டுபிடிக்கிற வசதி இருந்தா அதைப் போடுங்க. லென்ஸ் பக்கவாட்டுல, எவ்வளவு தூரத்துல ஃபோகஸ் தேடணும்னு சொல்ற லிமிட்டர் ஸ்விட்சையும் பாத்துக்கிடுங்க. பத்து மீட்டருக்கு அங்கன்னு கிடந்தா பக்கத்துல இருக்கிற வாழைக்கூம்புல ஃபோகஸ் பிடிக்கவே செய்யாது.

இதைவிட முக்கியம், குருவி பின்னால லென்ஸைத் திருப்பிக்கிட்டே ஓடாதீங்க. வாழைக்கூம்புல புதுசா மடல் விரிஞ்ச சீப்புலதான் தேன் இருக்கும், சிட்டு அங்கதான் திரும்பத் திரும்ப வரும். அப்படி ஒரு கூம்பைப் பாத்து, பின்னால இலை தள்ளி இருக்கிற மாதிரி நின்னு, முதல்லயே அதுல ஃபோகஸ் வச்சுக் காத்திருங்க. காலையில சூரியன் உங்க முதுகுக்குப் பின்னால இருக்கட்டும். ஊதாத் தேன்சிட்டு ஆணோட மினுமினுப்பு வெளிச்சம் விழுற கோணத்துலதான் தெரியும்; நிழல்ல அது வெறும் கறுப்பு. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஆடிக் காத்துல கூம்பே ஆடும், அங்க விடியக்காலமே முடிச்சிருங்க.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்றேன். குரலைப் பதிவு பண்ணிப் போட்டுக் கூப்பிடாதீங்க. வாயில பூச்சியோட ஒரு சிட்டு கூட்டுக்குள்ள போகாம பக்கத்துக் கிளையில இருந்து கத்திக்கிட்டே இருந்தா, நீங்க அதோட கூட்டுக்குப் பக்கத்துல நிக்கீங்கன்னு அர்த்தம். அப்பவே கேமராவை இறக்கிட்டு விலகிருங்க.