வாயைப் பறிகொடுத்த டாக்டர்

அனைவருக்கும் வணக்கம்.

விண்வெளிக் கதைகளில் வரும் பயத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. பத்துத் தொடர்களைத் தொட்டுத் தொட்டுப் பேசிவிட்டு இறங்கலாம். அப்படிச் செய்தால் வீட்டுக்குப் போகும்போது உங்களிடம் பெயர்கள்தான் மிஞ்சும். அதனால் ஒரே ஒரு எபிசோடை எடுத்துக்கொள்கிறேன். 'டாக்டர் ஹூ' தொடரில் 2008 ஜூன் 14 அன்று பிபிசி ஒளிபரப்பிய 'மிட்நைட்'. முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச வழியில்லை. இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும்.

தொடரைத் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். 1963 நவம்பரில் பிபிசியில் தொடங்கியது. 1989இல் நின்றது. 2005இல் ரஸ்ஸல் டி. டேவிஸ் கையில் மறுபடி உயிர் பெற்றது. நாயகன் வேற்றுக்கிரகவாசி. பெயர் கேட்டால் 'டாக்டர்' என்பார், அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார். நீல நிறப் போலீஸ் பெட்டி ஒன்றில் ஏறிக்கொண்டு காலம், தேசம் பார்க்காமல் சுற்றுவார். துப்பாக்கியை நம்புகிற ஆள் இல்லை. ஒரு சோனிக் ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பார், பூட்டுத் திறக்க ஆகும். மற்றபடி அவர் பிழைப்பு முழுக்கப் பேச்சுதான். படையெடுத்து வந்தவனிடம் பேசுவார், நடுங்கி நிற்பவர்களிடம் பேசுவார், பேசிப் பேசியே நேரத்தை இழுத்து அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்துவிடுவார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்த ரகம்.

'மிட்நைட்' அந்த வாயைப் பறித்துவிடுகிறது. அதில் இருக்கும் பயமெல்லாம் அந்த ஒரே காரியத்திலிருந்து கிளம்புவதுதான்.

மிட்நைட் ஒரு கிரகத்தின் பெயர். தரையெல்லாம் வைரம். ஆனால் அங்கே அடிக்கும் வெயில் ஒரு நொடி மேலே பட்டால் மனிதன் ஆவியாகிவிடுவான். அதனால் அங்கே உயிர் எதுவும் இருக்க முடியாது என்று எல்லோரும் நம்புகிறார்கள். கண்ணாடி மாளிகைக்குள் ஒரு உல்லாச விடுதி கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து நீலக்கல் அருவியைப் பார்க்க ஒரு வண்டி போகிறது. போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். டாக்டரின் துணையான டோனா, ஸ்கூல் டூர் மாதிரி இருக்கிறது, நான் வரவில்லை என்று விடுதியிலேயே தங்கிவிடுகிறாள். இதற்குப் பின்னால் இருப்பது தயாரிப்பு நெருக்கடி. டோனாவாக நடித்த கேதரின் டேட் அதே சமயத்தில் அடுத்த எபிசோடான 'டர்ன் லெஃப்ட்' படப்பிடிப்பில் இருந்தார். நடிகை இல்லை, பெரிய பட்ஜெட் இல்லை, கிட்டத்தட்ட ஒரே ஒரு செட். இந்த முடைதான் எபிசோடுக்கு அதிர்ஷ்டமாக வந்து வாய்த்தது. எப்போதும் நான்கு பேருக்கு நடுவே 'இவர் நல்லவர், நான் சாட்சி' என்று சொல்ல ஒரு துணை இருக்கும். இந்த வண்டியில் டாக்டருக்குச் சாட்சி சொல்ல ஆளில்லை.

உள்ளே எட்டுப் பேர். எல்லாம் தெரிந்த ஒரு பேராசிரியர். அவரைவிட விவரமான, ஆனால் அவரால் மட்டம் தட்டப்படும் அவருடைய உதவியாளர். வேல், பிஃப் என்ற தம்பதி, அவர்களின் முகம் கொடுத்துப் பேசாத பையன். பிரிவுத் துயரத்தில் இருக்கும் ஸ்கை என்ற பெண். ஒரு பணிப்பெண். அப்புறம் டாக்டர். வண்டியில் ஓடும் பாட்டும் படமும் தாங்காமல் டாக்டர் ரகசியமாக அவற்றை நிறுத்திவிடுகிறார். வேறு வழியில்லாமல் ஒருவரோடு ஒருவர் பேசிச் சிரித்துப் பழகுகிறார்கள். இதை எழுதிய டேவிஸின் சாமர்த்தியம் இங்கே. பின்னால் கொலைக்குத் துணியப் போகிறவர்களை முதலில் நமக்குப் பிடித்தவர்களாக்கி விடுகிறார்.

வண்டி நடுவழியில் நின்றுவிடுகிறது. வெளியே தட்டும் சத்தம். வெளியில் எதுவும் உயிரோடு இருக்க முடியாது என்கிறார் பேராசிரியர். மறுபடி தட்டு. பிஃப் கதவை மூன்று முறை தட்டிப் பார்க்கிறார். வெளியிலிருந்தும் மூன்று தட்டு வருகிறது. அதோடு எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. உள்ளே வர விரும்பும் பேயைவிட, நாம் செய்வதைக் கவனித்துக் கற்றுக்கொள்ளும் பேய் பயங்கரம்.

அடுத்து வண்டி குலுங்கி, ஓட்டுநர் அறை பிய்ந்து போகிறது. விளக்கு வரும்போது ஸ்கை ஒரு மூலையில் தலையைப் பிடித்தபடி குந்தியிருக்கிறாள். திரும்புகிறாள். மற்றவர்கள் சொல்வதையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்கிறாள். அண்ணன் சொல்வதைத் திருப்பிச் சொல்லித் தம்பி எரிச்சலூட்டும் அதே விளையாட்டுதான். ஸ்கையாக நடிக்கும் லெஸ்லி ஷார்ப் கண் இமைக்காமல் அதைச் செய்யும்போது சிரிப்பு வரவில்லை. டாக்டர் பை-யின் வர்க்கமூலத்தைத் தசம இலக்கங்களாக அடுக்கிக்கொண்டே போகிறார். ஓர் இலக்கம் பிசகாமல் அவளும் சொல்கிறாள். கொஞ்ச நேரத்தில் திருப்பிச் சொல்வது நின்று, கூடவே சொல்லத் தொடங்குகிறாள். மற்ற ஏழு பேரும் கத்துகிறார்கள், எல்லோருடைய வார்த்தையும் அதே நொடியில் அவள் வாயிலும் வருகிறது. பிறகு மற்றவர்களை விட்டுவிட்டு டாக்டரை மட்டும் பிடித்துக்கொள்கிறாள். பிறகு அவருக்கு முன்னால் சொல்லத் தொடங்குகிறாள்.

பின்னால், கூடவே, முன்னால். இவ்வளவுதான் கதை. ஒரு முகமூடி இல்லை, கணினி வித்தை இல்லை. டாக்டராக நடித்த டேவிட் டென்னன்டும் ஷார்ப்பும் வசனத்தை மூச்சு விடும் இடம்வரை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். யார் முந்தினார்கள் என்று காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். அரை நொடி வித்தியாசத்தில், பேசுகிறவர் யார், பேசவைக்கப்படுகிறவர் யார் என்பது மாறிப்போகிறது.

இதற்கு நடுவே அந்த நல்ல மனிதர்கள் என்ன ஆனார்கள்? ஸ்கையை வெளியே தள்ளிவிடலாம் என்ற பேச்சை முதலில் எடுப்பவளே பணிப்பெண்தான். கதவைத் திறந்தால் ஆறு நொடி காற்றுத் தாங்கும், அதற்குள் தள்ளிவிடலாம். டாக்டர் தடுக்கிறார். நீ யார் எங்களுக்கு உத்தரவு போட என்று திரும்புகிறார்கள். பெயர் கேட்கிறார்கள். ஜான் ஸ்மித் என்கிறார். ஒருவரும் நம்பவில்லை. உன் பேச்சை ஏன் கேட்க வேண்டும் என்றதும், நான் புத்திசாலி என்பதால் என்று வெடிக்கிறார். இங்கே நான் கூட்டத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மற்ற எபிசோடுகளில் நாம் கைதட்டி ரசிக்கும் அதே தலைக்கனம் அது. அடைத்த வண்டிக்குள் பயந்துபோன ஆறு பேர் முன்னால் அது எடுபடவில்லை. அமெரிக்காவின் 'ட்விலைட் ஸோன்' தொடரில் 1960இலேயே ஒரு தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுச் சீரழியும் கதையை ராட் செர்லிங் எழுதியிருக்கிறார். அந்த வழியில் வந்ததுதான் இது. ஆனால் தொடரின் நாயகனையே கூட்டத்தின் கையில் கொடுத்தது டேவிஸின் துணிச்சல்.

ஸ்கை முந்திச் சொல்லத் தொடங்கியதும் டாக்டர் உடல் அசையாமல் தரையில் கிடக்கிறார். பேய் அவளை விட்டு அவருக்குள் புகுந்துவிட்டது என்று கூட்டம் நம்பிவிடுகிறது. 'அவனை வெளியே தூக்கிப் போடுங்கள்' என்கிறாள் ஸ்கை. ஒரு நொடி கழித்து டாக்டரின் வாயும், கண்ணீர் வழிய, அவனை வெளியே தூக்கிப் போடுங்கள் என்கிறது. பிஃபும் பேராசிரியரும் இழுத்துப் போகிறார்கள்.

காப்பாற்றுவது அதே பணிப்பெண். 'மோல்ட்டோ பெனே' என்று டாக்டர் வழக்கமாகச் சொல்லும் இத்தாலிய வார்த்தையை ஸ்கை சொல்லும்போது, இவள் அவருடைய குரலைத் திருடிவிட்டாள் என்று புரிந்துகொள்கிறாள். ஸ்கையை இறுகப் பிடித்துக்கொண்டு கதவைத் திறக்கிறாள். ஆறு நொடி. இருவரும் போய்விடுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து வேல், அவள்தான் என்று நான் அப்போதே சொன்னேன் என்கிறார். டாக்டர் அவரைத் திரும்பிப் பார்க்கும் பார்வைக்கு வசனம் எழுதாமல் விட்டது நல்லது. அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று அப்புறம் கேட்கிறார். ஒருவருக்கும் தெரியவில்லை.

இடையில் ஒரு துணுக்கு. பேராசிரியர் வேடத்துக்கு முதலில் எடுத்திருந்த சாம் கெல்லிக்குக் கால் எலும்பு முறிந்துவிட, கடைசி நேரத்தில் வந்தவர் டேவிட் ட்ரௌட்டன். இந்தத் தொடரில் டாக்டர் வேடத்தில் இரண்டாவதாக நடித்த பேட்ரிக் ட்ரௌட்டனின் மகன். இயக்குநர் ஆலிஸ் ட்ரௌட்டனுக்கும் இவர்களுக்கும் உறவில்லை, பெயர்ப் பொருத்தம்தான்.

2025 ஏப்ரலில் 'தி வெல்' என்ற எபிசோடில் அந்தக் கிரகத்துக்கே திரும்பப் போனார்கள். நன்றாகவே எடுத்திருந்தார்கள். காது கேளாத ஒரு பெண்ணை நடுவில் வைத்தது அருமையான யோசனை, ரோஸ் ஐலிங்-எல்லிஸ் பிரமாதமாக நடித்திருந்தார். ஆனால் அங்கே அந்தப் பேய் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது, அதற்கு ஒரு இடமும் விதியும் வந்துவிட்டன. விதி தெரிந்தால் தப்பிக்க வழி யோசிக்கத் தொடங்கிவிடுகிறோம். 2008இல் அதற்கு உருவமும் கிடையாது, பெயரும் கிடையாது, என்ன வேண்டும் என்றும் சொல்லவில்லை. நான் பழையதன் பக்கம்தான்.

பார்க்கப் போகிறவர்கள் சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள். ஆங்கிலம் கொஞ்சம் சிரமமாக இருந்தாலும் பரவாயில்லை. எழுத்து ஓடினால் வசனம் குரலுக்கு முன்பே கண்ணில் பட்டுவிடும். யார் முந்தினார்கள் என்று தெரியாமல் தவிக்க வேண்டிய அந்த அரை நொடி உங்களுக்குக் கிடைக்காது. சரி, கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.